கதிர் மேல் நின்ற குழந்தைகள்

(தலைப்பு: ஒரு நாட்டை உயர்த்துவது கட்டளையின் வேகமா, கேள்வியின் துணிவா? புதுச் சீனத்தின் முதல் பன்னிரண்டு ஆண்டுகளை முன்வைத்து நடந்த பட்டிமன்றத்தில், 'கேள்வியின் துணிவே' என்ற அணியில் பேசியது.)

    

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற டீச்சர். ஒரு நாள் வகுப்பில் ஒரு பொண்ணை எழுப்பி, "சீனாவைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று கேட்டேன். "பெருஞ்சுவர் டீச்சர்" என்றாள். "சரி, அதுக்கப்புறம்?" என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சுவருக்கு அப்புறம் எதுவும் தெரியலை டீச்சர்!" (சிரிப்பு)

அவள் மேல் தப்பில்லைங்க. நமக்கும் சுவர் தெரியும், பட்டு தெரியும், யுவான் சுவாங் தெரியும். அந்தச் சுவருக்கு அப்புறம், 1949க்கும் 1962க்கும் நடுவில், சாதாரண சீனக் குடும்பத்துக்கு என்ன நடந்தது? அதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? "1949 அக்டோபர் 1. தியானென்மென் வாயில். மா சே துங் மக்கள் குடியரசை அறிவிக்கிறார். அபின், பசி, விலைவாசி, உள்நாட்டுச் சண்டை எல்லாத்தையும் சில வருஷத்திலே துடைச்சுப் போட்டாங்க. எப்படி? கட்டளை!" என்று மேசையைத் தட்டினார். தட்டின தட்டில் நடுவர் ஐயாவின் மணி தானாகவே அடித்தது. (சிரிப்பு)

அவர் சொன்னதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். அபின் ஒழிந்தது. பெண்களை விலைபேசிய விடுதிகள் மூடப்பட்டன. பெரியம்மை 1960களின் தொடக்கத்தில் ஒழிந்தது. 1949ல் நாற்பதைத் தொடாத சராசரி ஆயுள், 1970களின் முடிவில் அறுபதைத் தாண்டியது. இதையெல்லாம் மறுத்தால், வரலாற்று டீச்சர் வேலைக்கு நான் லாயக்கில்லை. ஆனால் ஐயா, இந்த நன்மைகள் வந்தது கட்டளையாலா? அங்கேதான் நான் எதிரணியோடு சண்டைக்கு வருகிறேன்.

நிலச் சீர்திருத்தத்தை எடுத்துக்குங்க. சட்டம் 1950 ஜூனில் வந்தது. ஆனால் சட்டத்தாள் நேராக வயலில் போய் நின்றுவிட்டதா? இல்லைங்க. கட்சியின் பணிக்குழு கிராமத்துக்குப் போகும். ஊரிலேயே ஏழ்மையான குடிசையில் தங்கும். அங்கேயே சாப்பிடும். குத்தகைக்காரனைப் பார்த்து, "உன் கஷ்டத்தைச் சொல்லு" என்று கேட்கும். இதற்கு அவர்கள் வைத்த பேரே 'கசப்பைச் சொல்லுதல்'.

பாட்டன் காலத்திலிருந்து தலைகுனிந்து நின்ற ஒரு மனுஷன், ஊர்க்கூட்டத்தில் முதல்முறையாக எழுந்து நிற்கிறான். கை நடுங்குது. "நான் வாங்கின கடன் இவ்வளவு. அது குட்டி போட்டது இவ்வளவு. என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனது இந்த வருஷம்" என்று சொல்கிறான். பக்கத்தில் நிற்கிற கிழவி, "எனக்கும் அதேதான்" என்கிறாள். அரசாங்கக் கணக்குப்படி சுமார் 30 கோடி விவசாயிகளுக்கு நிலம் கிடைத்தது. நிலம் கைமாறுவதற்கு முன்னால் பயம் கைமாறியது ஐயா! (கைதட்டல்)

கைதட்டினீர்கள், நன்றி. ஆனால் கைதட்டலோடு நிறுத்தினால் நான் பாதி வரலாறு சொன்னவளாவேன். அதே கூட்டங்களில் அடியும் விழுந்தது, உயிரும் போனது. கொல்லப்பட்ட நிலக்கிழார்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று பல ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வக்கீல் இல்லை, மேல்முறையீடு இல்லை. 'பேசு' என்று சொன்ன பணிக்குழு, பல ஊர்களில் 'இதைத்தான் பேசு' என்றும் சொல்லிக்கொடுத்தது. நல்ல விதையோடு களையும் சேர்ந்தே விழுந்தது. அந்தக் களை வளர்ந்த கதைக்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து, எதிரணியின் தங்கச்சி திருமணச் சட்டத்தைச் சொன்னாள். 1950 மே 1. கட்டாயக் கல்யாணம் கூடாது. குழந்தையிலேயே நிச்சயம் பண்ணக் கூடாது. ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியை வைத்துக்கொள்ளக் கூடாது. விதவை மறுமணத்தைத் தடுக்கக் கூடாது. பெண்ணுக்கு வயசு 18, ஆணுக்கு 20. பெண்ணும் விவாகரத்து கேட்கலாம். "ஒரே கையெழுத்து, கோடிப் பெண்களுக்கு விடுதலை" என்றாள்.

தங்கச்சி, கையெழுத்துப் போட்டது பீஜிங். கதவைத் தட்டியது யாரு? மாமியார் வீட்டில் அடிபட்டு, புழக்கடை வழியாக வெளியே வந்து, பல மைல் நடந்து, அலுவலக வாசலில் நின்று, "எனக்கு விவாகரத்து வேணும்" என்று கேட்ட பெண். அவளைப் பார்த்து உள்ளூர்க் கட்சிக்காரரே, "வீட்டுக்குப் போம்மா, குடும்பம்னா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினார். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குதில்ல? (சிரிப்பு) கேட்டதற்காகவே கொல்லப்பட்ட பெண்களும், வழியில்லாமல் உயிரை விட்ட பெண்களும் அந்த வருஷங்களில் பல்லாயிரம் பேர். அதனால்தான் 1953ல் ஒரு மாதம் முழுக்க இந்தச் சட்டத்துக்காகத் தனிப் பிரசாரமே நடத்த வேண்டி வந்தது. கட்டளை மூன்று வருஷமாகத் தாளில் கிடந்தது. கால் நோக நடந்து வந்த பெண்தான் அதற்கு உயிர் கொடுத்தாள்.

ஆக, புதுச் சீனத்தின் முதல் பலம் என்ன? பேசாதவர்களைப் பேசவைத்தது. சரி, அந்தப் பலத்தை அவர்கள் காப்பாற்றினார்களா?

1956, 57. தலைமையே ஒரு அழைப்பு விடுகிறது. நூறு மலர்கள் மலரட்டும், குறைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள் என்று. முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நம்ம வீட்டில் அப்பா திடீரென்று, "என் மேல என்ன குறை இருந்தாலும் சொல்லுங்கடா" என்றால் பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்ப்பார்களே, அந்த மாதிரி. (சிரிப்பு) திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1957 வசந்தத்தில் ஆசிரியர்கள் பேசினார்கள், மாணவர்கள் பேசினார்கள், எழுத்தாளர்கள் பேசினார்கள். அதிகாரிகள் மக்களை மதிப்பதில்லை, கட்சிக்காரருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்றார்கள்.

ஜூன் மாதம் காற்று திரும்பியது. பேசினவர்களுக்கு 'வலதுசாரி' என்று முத்திரை. சுமார் 5,50,000 பேர். வேலை போனது. பலர் தூரத்துப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மனைவி பிரிந்தாள், பிள்ளைக்குக் கல்லூரியில் இடமில்லை. இருபது வருஷம் கழித்து, 1978க்குப் பிறகு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல் போட்ட முத்திரை தவறு என்று அரசே அழித்தது. முத்திரையை அழிக்கலாம், இருபது வருஷத்தை எப்படிங்க அழிக்கிறது?

அந்த ஐந்தரை லட்சம் பேரில் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் உண்டு, வேளாண்மை தெரிந்தவர்கள் உண்டு, கணக்கு தெரிந்தவர்கள் உண்டு. மிச்சம் இருந்தவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: உண்மை சொன்னால் ஊர் மாறணும், பொய் சொன்னால் பதவி ஏறலாம்!

பொய்யின் பலன் என்ன என்று புரிவதற்கு ஒரு சின்னக் குடும்பக் கதை. புதுசாகக் கல்யாணமான ஒருத்தர். மனைவி முதல் நாள் கத்திரிக்காய் கொத்சு பண்ணினாள். வாயில் வைக்க முடியவில்லை. "எப்படிங்க இருக்கு?" என்றாள். பயம். "பிரமாதம்!" என்றார். மறுநாளும் கொத்சு. அவர் மறுபடியும் "பிரமாதம்!" இருபத்தைந்து வருஷமாக அவர் வீட்டில் வாரத்துக்கு மூணு நாள் கொத்சு! (பலத்த சிரிப்பு) தப்பு யார் மேல்? சமைத்தவள் மேலா? அவளுக்குக் கிடைத்த ரிப்போர்ட் அப்படி! ஒரு வீட்டில் நடந்தால் இது நகைச்சுவை ஐயா. 60 கோடிக்கும் மேலானவர்கள் வாழும் நாட்டில் நடந்தால்?

1958. 'மாபெரும் பாய்ச்சல்' என்று அறிவிக்கிறார்கள். ஊர்களையெல்லாம் சேர்த்துக் கம்யூன்கள். அந்த வருஷ முடிவுக்குள் சுமார் 26,000 கம்யூன்கள். கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 99 அதற்குள் வந்துவிட்டன. எஃகு உற்பத்தியை ஒரே வருஷத்தில் இரட்டிப்பாக்கணும். 1957ல் 53 லட்சம் டன், 1958க்கு இலக்கு 1 கோடியே 7 லட்சம் டன். எப்படி? கொல்லைப்புறத்தில் உலை வை! வீட்டில் இருக்கிற இரும்பைக் கொண்டா! கதவுக் கொண்டி போச்சு, வாணலி போச்சு, சோற்றுப் பானை போச்சு. உருக்கி எடுத்ததில் பெரும்பகுதி எதற்கும் உதவாத கட்டி.

"வாணலி போனால் சமையல்?" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். அதான் கம்யூன் பொதுச் சாப்பாட்டுக் கூடம் இருக்கே! வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரும் அங்கே வரிசையில் நில்லுங்கள். முதல் சில மாதங்கள் வயிறு நிறையச் சோறு. பெண்களுக்கு அடுப்பிலிருந்து விடுதலை என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, அதையும் சொல்லணும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சோறு ஆக்கும் பானை, வைத்துக்கொள்ளும் தானியம், பிள்ளைக்குப் போடும் அளவு எல்லாம் அம்மா கையிலிருந்து போய்விட்டது. கரண்டி யார் கையிலோ அவர் கையில்தான் உயிர். அரசியலை மாநாட்டு மண்டபத்தில் மட்டும் படித்தால் இது தெரியாது. சமையல்கட்டில் படித்தால்தான் தெரியும்.

குருவிக் கதையையும் சொல்லிடறேன். எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி, இந்த நாலையும் ஒழி என்று ஒரு இயக்கம். குருவி தானியம் தின்கிறதாம். 1958 ஏப்ரலில் பீஜிங்கில் மூன்று நாள் ஊரே கூரை மேல் ஏறித் தட்டு, தகரம், மேளம் என்று தட்டியது. உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து குருவிகள் செத்து விழுந்தன. குருவி போச்சு, அது தின்ற பூச்சி பெருகியது. விஞ்ஞானிகள் குருவியின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அது பூச்சியும் தின்கிறது ஐயா என்று எடுத்துச் சொன்னார்கள். 1960ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பாருங்க, குருவிக்காகக் கேள்வி கேட்டவர்கள் பேச்சு எடுபட்டது. மனுஷனுக்காகக் கேட்டவர்கள் கதி என்ன ஆனது?

அதற்கு முன்னால் ஒரு புகைப்படம். 1958 ஆகஸ்ட். சீனக் கட்சிப் பத்திரிகையில் வந்தது. நெல் வயலில், முற்றிய கதிர்களின் மேல் குழந்தைகள் நிற்கிறார்கள். கதிருக்கு நடுவில் இல்லை ஐயா, கதிருக்கு மேலே! பயிர் அவ்வளவு அடர்த்தியாம், ஆளையே தாங்குகிறதாம். ஹுபெய் மாகாணத்தில் மாச்செங் என்ற இடத்தில், ஒரு மூ நிலத்தில் 36,000 சின்னுக்கு மேல் விளைச்சல் என்று செய்தி. மூ என்பது ஏக்கரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சின் என்பது அரைக் கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 100 டன்னுக்கும் மேல். நம்ம ஊர் மூட்டைக் கணக்கில் 1,400 மூட்டை! அரங்கத்தில் விவசாயம் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறீர்கள். ஏக்கருக்கு முப்பது, முப்பத்தைந்து மூட்டை கண்டால் நாம் மீசையை முறுக்குகிறோம். 1,400 மூட்டைக்கு எத்தனை மீசை வேணும்? (சிரிப்பு, கைதட்டல்)

உண்மை என்ன? பல வயல்களில் விளைந்த பயிரை வேரோடு பிடுங்கி, ஒரே வயலில் நெருக்கி நட்டிருந்தார்கள். குழந்தைகள் நிற்பதற்குக் கதிருக்கு அடியில் பெஞ்சு ஒளித்து வைத்திருந்ததாகப் பின்னால் வெளியே வந்தது. பக்கத்து வயல் கதிர்! இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஐயா, கை மணியின் பக்கம் போகிறது. முக்கியமான இடத்துக்கே இப்போதுதான் வருகிறேன். (சிரிப்பு)

ஒரு கம்யூன் ஆயிரம் என்றால், பக்கத்துக் கம்யூன் இரண்டாயிரம் என்றது. எல்லாவற்றையும் கூட்டி, 1958ன் தானிய விளைச்சல் 37 கோடியே 50 லட்சம் டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி டன். அரசாங்கம் எதை வைத்துத் தானியம் எடுக்கும்? காகிதத்தில் விளைந்ததை வைத்து. எதிலிருந்து எடுக்கும்? வயலில் விளைந்ததிலிருந்து. 1957ல் விளைச்சல் 19 கோடியே 50 லட்சம் டன், அரசு கொள்முதல் சுமார் 4 கோடியே 80 லட்சம். 1959ல் விளைச்சல் 17 கோடியாகக் குறைந்தது, கொள்முதலோ சுமார் 6 கோடியே 70 லட்சமாக ஏறியது. விளைச்சல் இறங்க, எடுப்பது ஏற! அந்த வருஷம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி மட்டும் 40 லட்சம் டன்னுக்கு மேல்.

இந்த நேரத்தில் ஒருத்தர் எழுந்தார். பெங் தேஹுவாய். பாதுகாப்பு அமைச்சர். கொரியப் போரில் சீனப் படையை நடத்தியவர். மா சே துங் பிறந்த அதே சியாங்தான் மாவட்டத்துக்காரர். ஏழை வீட்டுப் பிள்ளை, சின்ன வயதில் பசிக்காகப் பிச்சையெடுத்தவர். 1958 கடைசியில் ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்தார். சொன்ன கணக்கு வேறு, கண்ட வயல் வேறு.

1959 ஜூலை. லூஷான் மலையில் கட்சி மாநாடு. ஜூலை 14ஆம் தேதி பெங் ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகைக்கு இல்லை, மேடையில் இல்லை, தலைவருக்குத் தனியாக. முதலில் சாதனைகளைச் சொன்னார், பிறகு பணிவாக, மிகைப்படுத்தும் பழக்கம் பரவிவிட்டது என்றார். இரண்டு நாளில் அந்தக் கடிதத்தை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். 23ஆம் தேதி மா சே துங் எழுந்து தாக்கினார். பெங் பதவி போனது. நண்பர்களும் வீழ்ந்தார்கள். பின்னால் கலாசாரப் புரட்சியில் அடியும் அவமானமும் பட்டு, 1974ல் இறந்தார். 1978ல் அவர் பேரைச் சுத்தப்படுத்தினார்கள். கடிதத்துக்குப் பதில் பத்தொன்பது வருஷம் கழித்து வந்தது, வாங்கத்தான் ஆளில்லை.

கட்டளையின் வேகம் என்றீர்களே எதிரணி நண்பர்களே, அந்த வேகம் எங்கே போனது தெரியுமா? 1959 தொடக்கத்தில் தலைமையே, மா சே துங் உட்பட, கொஞ்சம் நிதானமாகப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. லூஷானுக்குப் பிறகு எவன் நிதானம் என்பான்? வண்டி பள்ளத்தைப் பார்த்துத் திரும்பவும் வேகமெடுத்தது. 'தானியம் இல்லை' என்று சொன்ன விவசாயியை, 'ஒளித்து வைத்திருக்கிறாய்' என்று அடித்தார்கள். ஹெனான் மாகாணத்தில் சின்யாங் வட்டாரத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் அளவுக்கு இறந்தார்கள். அதே வட்டாரத்தில் அரசுக் களஞ்சியங்களில் தானியம் இருந்தது ஐயா! ஊரைவிட்டு ஓடியவர்களை வழியில் மறித்தார்கள். வெளியே எழுதிய கடிதங்களை அஞ்சலகத்திலேயே பிடித்து வைத்தார்கள். 1957ல் ஆயிரத்துக்குப் பதினொன்று கூட இல்லாத இறப்பு விகிதம், 1960ல் இருபத்தைந்தைத் தாண்டியது. இது சீன அரசின் கணக்கு. மொத்தம் மாண்டவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் வெவ்வேறாகக் கணிக்கிறார்கள்.

"அப்படி ஒரு அதிகாரி பொய் சொல்லுவானா? மனசாட்சி இல்லையா?" என்று எதிரணித் தங்கச்சி கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னால் சீனாவை வைத்துப் பதில் சொல்ல முடியாது. என்னை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பல வருஷத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வு. மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார். முதல் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "உங்க எட்டாம் வகுப்பிலே சரியா வாசிக்கத் தெரியாத பன்னிரண்டு பேர் இருக்காங்க இல்ல? அவங்களை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க. பக்கத்துப் பிரிவிலேருந்து நல்லா வாசிக்கிற பன்னிரண்டு பேரை உட்கார வையுங்க." நான் மறுத்தேனா? இல்லைங்க. "சரி" என்றேன். பக்கத்து வயல் கதிர்!

அதிகாரி வந்தார். யாரைக் கேட்டாலும் கடகடவென்று வாசித்தார்கள். "பிரமாதம்" என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கும் பாராட்டு. மறுநாள் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பொண்ணு என்கிட்ட வந்தாள். "நேத்து நாங்க வந்திருந்தா உங்களுக்குக் கெட்ட பேரு ஆயிருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். கோபமாக இல்லை ஐயா, எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் அந்தப் பன்னிரண்டு பேருக்காக நானேதான் சிறப்பு வகுப்பும் கூடுதல் ஆசிரியரும் கேட்டு மனு எழுதியிருந்தேன். பதில் வந்தது. மாணவிகளின் வாசிப்பு மிகவும் திருப்தியாக இருப்பதால் சிறப்பு வகுப்பு தேவையில்லை என்று. என் கையால் நட்ட பொய், என் பிள்ளைகளின் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிட்டது.

சில வருஷம் கழித்துப் பேருந்து நிலையத்தில் நின்றேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பொண்ணு வந்து, "அக்கா, இது எந்த ஊருக்குப் போற பஸ்ஸு?" என்று கேட்டாள். பெயர்ப்பலகை எங்கள் இருவருக்கும் எதிரே பெரிய எழுத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவளேதான். என்னைத் தெரிந்ததும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. (அரங்கில் அமைதி)

எனக்கு என்னங்க பயம் அன்றைக்கு? உயிர்ப் பயமா? சிறையா? இல்லை. ஒரு இடமாறுதல் பயம். அதற்கே நான் பொய் சொன்னேன். 1957ல் ஐந்தரை லட்சம் பேர் கதியையும், 1959ல் ஒரு படைத்தலைவர் கதியையும் பார்த்த ஒரு மாவட்ட அதிகாரி என்ன சொல்லியிருப்பான்? அவனை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் நம்மிலிருந்து வேறுபட்ட ஜாதி மனுஷன் இல்லை என்கிறேன். பயத்தை உண்டாக்குகிற ஏற்பாடு எங்கே இருந்தாலும், அங்கே பக்கத்து வயல் கதிர் வந்து நிற்கும்.

எதிரணியில் ஒரு கெட்டிக்காரர், அமர்த்தியா சென்னை இழுத்து என்னை மடக்கப் பார்த்தார். பத்திரிகை சுதந்திரமும் எதிர்க்கட்சியும் இருக்கிற நாட்டில் பெரும் பஞ்சம் வராது என்று சென் சொன்னது எங்கள் கட்சி. அதே சென், ழான் டிரேஸோடு சேர்ந்து 1989ல் இன்னொன்றும் எழுதினார். இந்தியாவில் அன்றாடப் பட்டினியும் நோயும் சத்தமில்லாமல் கொன்றவர்கள், எட்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சீனப் பஞ்சத்தில் மாண்டவர்களை விட அதிகம் என்று. அதைச் சொல்லித்தான் அண்ணன் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? அதுவும் என் கட்சிதான்! அடங்கிப் போன பசியைப் பற்றி நாம் போதுமான கேள்வி கேட்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? கேள்வி இருந்த இடத்தில் பஞ்சம் நின்றது. கேள்வி இல்லாத இடத்தில் பட்டினி நீடித்தது. (கைதட்டல்)

சரி, சீனா எப்படி மீண்டது? 1961 வசந்தத்தில் நாட்டின் தலைவர் லியு ஷாவோசி சொந்த ஊர்ப்பக்கம், ஹூனானுக்குப் போனார். மாளிகையில் தங்கவில்லை. கிராமங்களில் தங்கி மக்களிடம் கேட்டார். முதலில் பயந்தார்கள். பிறகு சொன்னார்கள். அவர் ஊர்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1962 ஜனவரியில் பீஜிங்கில் 7,000 அதிகாரிகள் கூடிய மாநாட்டில், அந்த விவசாயிகள் சொன்னதையே எடுத்து வைத்தார்: இந்தத் துன்பத்தில் மூன்று பங்கு இயற்கை செய்தது, ஏழு பங்கு மனிதர் செய்தது. பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள் 1961லேயே மூடப்பட்டன. குடும்பத்துக்குச் சின்னத் தோட்ட நிலம் திரும்பக் கிடைத்தது. கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கோதுமை வந்தது. அடுப்பு மறுபடி வீட்டுக்கு வந்தது. அந்த நாட்டைப் பள்ளத்தில் தள்ளியது கேட்காத கட்டளை. தூக்கிவிட்டது, ஒரு கிராமத்துக் கிழவனின் பதிலைக் கேட்ட காது. அந்தக் காதுக்கும் கூலி கொடுத்தார்கள். லியு 1969ல் காவலில்தான் இறந்தார்.

ஐயா, கடைசியாக ஒரு பிள்ளையின் கதை. 1959. ஹுபெய் மாகாணத்தில் ஒரு பள்ளி மாணவன், யாங் ஜிஷெங். இளைஞர் அமைப்பின் சுவர்ப் பத்திரிகை வேலையில் மும்முரமாக இருக்கிறான். "உங்க அப்பா பட்டினி, உடனே வா" என்று செய்தி வருகிறது. கொஞ்சம் அரிசி எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அப்பாவால் விழுங்கக்கூட முடியவில்லை. மூன்று நாளில் போய்விட்டார். அடக்கம் செய்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பி, மாபெரும் பாய்ச்சலைப் புகழும் வேலையைத் தொடர்ந்தான். நம் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த கெட்ட நேரம் என்று நினைத்தான். எல்லா வீட்டிலும் அப்பா சாகிறார் என்று அவனுக்கு யார் சொல்லுவார்கள்?

அவர் வளர்ந்து அரசுச் செய்தி நிறுவனத்தில் நிருபரானார். பல வருஷம் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, பழைய அறிக்கைகளைப் புரட்டி, மாண்டவர்கள் 3 கோடியே 60 லட்சம் என்று கணக்கிட்டு, 2008ல் ஹாங்காங்கில் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு வைத்த பேர் 'கல்லறைக் கல்'. அப்பாவுக்கு ஒரு கல். கல் இல்லாமல் போனவர்கள் எல்லோருக்கும் ஒரு கல். அவருடைய சொந்த நாட்டில் அந்த நூலுக்கு இடமில்லை.

நடுவர் அவர்களே! வேகமான கட்டளையால் ஒரு வாரத்தில் பாலம் கட்டலாம். ஆனால் பாலத்தில் விரிசல் இருக்கிறது என்று சொல்ல ஒருத்தன் பயப்பட்டால், அதன் மேல் போகிற அத்தனை குடும்பமும் ஆற்றில். தீர்ப்பு உங்கள் கையில். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் பிள்ளை, "அம்மா, இது தப்பும்மா" என்று சொன்னால், அடிக்கக் கையை ஓங்குவதற்கு முன்னால், "எப்படிடா சொல்றே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கதிருக்கு மேல் நிற்கிற குழந்தை நமக்கு வேண்டாம். தரையில் நின்று, "இங்கே ஒண்ணும் விளையலை" என்று சொல்கிற குழந்தை போதும்.

ஒரு நாட்டை உயர்த்துவது கேள்வியின் துணிவே என்று சொல்லி விடைபெறுகிறேன்.  (நீண்ட கைதட்டல்)